குதிரைத்திறனைக் கேட்காதீங்க, கால் நீளத்தைக் கேளுங்க



இந்த வார எபிசோடில் ஸ்பெக் ஷீட் பற்றிப் பேசினோம். ஒரு கருவியை வாங்கும்போது பெட்டியின் மேல பெரிய எழுத்தில் இருக்கிற எண்ணை நம்பி வாங்குவது எவ்வளவு தப்பு என்று. ஃபோன், லேப்டாப், கேமரா என்று உதாரணம் கொடுத்தோம். நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு உதாரணத்தை இங்கே எழுதுகிறேன். சிலிக்கானுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. படகுக்குப் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். சின்னப் படகுக்கு மோட்டார் வாங்கும்போது எல்லாரும் குதிரைத்திறனைக் கேட்கிறாங்க. கேட்க வேண்டியது ஷாஃப்ட் நீளத்தை. அதுவும் பிராக்கெட்டில் மாட்டுற மோட்டார் என்றால், கேட்டலாக் சொல்ற எண்ணை ஓரமா வச்சிட்டு, தண்ணீரிலிருந்து நீங்களே அளக்கணும். நம்ம ஊர்க் கடற்கரையில் இது புதுசு இல்லை. அங்கே இந்தக் கேள்வியைச் சுற்றியே பல வருஷமா இன்ஜினியரிங் நடந்திருக்கு. அதைப் பற்றியும் கீழே சொல்றேன்.

அந்த எண் எதை அளக்குது?

அவுட்போர்டு மோட்டார் 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம், பெரிய மோட்டார் என்றால் 30 அங்குலம் என்று வரும். ஷார்ட், லாங், எக்ஸ்ட்ரா லாங் என்று பேர். பேரைக் கேட்டு மோட்டாரின் மொத்த உயரம் என்று நினைச்சுக்காதீங்க. மோட்டாரின் கவ்வி எந்த விளிம்பில் உட்காருதோ, அந்த விளிம்பிலிருந்து கீழே புரொப்பெல்லருக்கு மேல தட்டையா நீட்டிக்கிட்டிருக்கிற தகடு வரைக்கும் உள்ள தூரம் அது. மீனவர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் அதை ஆன்டி-கேவிடேஷன் தகடு என்பாங்க. சரியான பேர் ஆன்டி-வென்டிலேஷன் தகடு. அது தடுக்கிறது கேவிடேஷனை இல்லை. மேலிருந்து புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சாம இருக்கத்தான் அந்தத் தகடு.

இன்னொண்ணு: இந்த எண்கள் சட்டைக்கு மீடியம், லார்ஜ் போடுற மாதிரிதான். ஒரு கம்பெனியின் 15 அங்குலம் நிஜத்தில் 17 அங்குலமா இருக்கலாம். 20 என்று எழுதியிருக்கிறது 21, 22 ஆகலாம். மாடலோட வரைபடத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்தக் கருவி எதுக்காகப் பிறந்தது என்று தெரிஞ்சா மற்றது புரியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஓலே எவின்ரூட், மில்வாக்கியில் 1909-ல் அவுட்போர்டு மோட்டாரை விற்க ஆரம்பிச்சார். விஸ்கான்சின் ஏரிகளில் ஓடுற துடுப்புப் படகுகளுக்கான மோட்டார் அது. துடுப்புப் படகின் பின்பலகை, அதாவது டிரான்ஸம், தாழ்வா இருக்கும். ஏரியில் பெரிய அலையும் கிடையாது. மோட்டாரை நேரா பின்பலகையில் மாட்டலாம், கால் குட்டையா இருந்தாலும் போதும். 'படகின் பின்பலகை எவ்வளவு உயரமோ, ஷாஃப்ட் அவ்வளவு நீளம்' என்கிற விதி அந்த மாதிரிப் படகுக்குச் சரியா வேலை செய்யும்.

பிராக்கெட் வந்ததும் விதி உடையுது

பிராக்கெட் என்றால் மோட்டாருக்கும் படகுக்கும் நடுவில் வர்ற தாங்கி. இதில் ரெண்டு வகை இருக்கு. ரெண்டுக்கும் கணக்கு வேற வேற.

முதல் வகை வேகமா ஓடுற மோட்டார் படகில் வரும். பின்பலகையில் போல்ட் போட்டு, ரெண்டு அடி, இரண்டரை அடி பின்னால் தள்ளி மோட்டாரை நிறுத்துவாங்க. இங்கே படகின் பின்பலகை உயரத்துக்கு அர்த்தமே இல்லை. பிராக்கெட்டின் மேல் விளிம்பு எங்கே இருக்கோ அதுதான் கணக்கு. இன்னொரு விஷயமும் இருக்கு. படகு வேகமா போகும்போது அடிப்பாகத்தை விட்டு வெளியே வர்ற தண்ணீர், பின்னால் போகப் போக மேலே எழும்பும். அதனால் 8 முதல் 12 அங்குலம் பின்னால் தள்ளினால், மோட்டாரை ஏறத்தாழ 1 அங்குலம் உயர்த்தலாம் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. அது தொடக்கப் புள்ளி மட்டும்தான், ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். அதே படகு சும்மா நிக்கும்போது, பின்னால் தள்ளி வச்ச மோட்டாரின் எடை படகின் பின்பக்கத்தைக் கூடுதலா அமுக்கும். ஓடும்போது ஒரு உயரம், நிக்கும்போது வேற உயரம்.

ரெண்டாவது வகை சின்ன பாய்மரப் படகில் வரும். ஸ்பிரிங் வச்ச பிராக்கெட். மோட்டார் வேணும்போது கீழே இறக்கலாம், பாய் விரிச்சதும் மேலே தூக்கிடலாம். பே ஏரியாவில் நம்ம வயசு ஆட்கள் வாங்குற பழைய படகுகளில் பாதிக்கு இதுதான் இருக்கும். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை அடி படகு?" ரெண்டாவது கேள்வி "எத்தனை குதிரை வேணும்?" மூணாவது கேள்வியே வராது.

ஃப்ரீமாண்ட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி, என்னோட வேலை பார்க்கிறவர், போன வருஷம் இப்படி ஒரு படகு வாங்கினார். "அண்ணா, நாலு குதிரையா ஆறு குதிரையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். "குதிரை இருக்கட்டும் தம்பி, பிராக்கெட்டைக் கீழே இறக்கினா தண்ணிக்கு எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன். "அதை ஏன் அண்ணா கேக்குறீங்க?" என்றார். அவருக்குச் சொன்ன கணக்கு இது.

சராசரியைப் பார்க்காதீங்க, கடைசி ஒரு சதவீதத்தைப் பாருங்க

கேடலினா 22 மாதிரி ஒரு படகு என்று வச்சுக்குவோம். ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கலிஃபோர்னியா கம்பெனி கட்டினது. டிரெய்லரில் இழுத்துட்டுப் போகலாம். 15,000-க்கும் மேல கட்டியிருக்காங்க, அதனால் பழைய படகு சுலபமா கிடைக்கும். கீழே வர்ற எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. உங்க படகில் நீங்க அளந்துக்கணும்.

பிராக்கெட்டை முழுசா இறக்கினால், மோட்டார் உட்கார்ற விளிம்பு தண்ணீருக்கு மேல 14 அங்குலத்தில் நிக்குது. 15 அங்குல மோட்டார் போட்டால் தகடு தண்ணீருக்குக் கீழே 1 அங்குலம். 20 போட்டால் 6 அங்குலம். 25 போட்டால் 11 அங்குலம்.

துறையில் கட்டியிருக்கும்போது மூணுமே ஓடும். கடைக்காரர் வந்து பார்த்தால் "அதான் தகடு தண்ணிக்குள்ள இருக்கே" என்பார்.

இப்போ ரெட்வுட் சிட்டியிலிருந்து வெளியே போங்க. கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் மேற்குக் காற்று 20 நாட்டைத் தாண்டுறது சாதாரணம். நீரோட்டம் காற்றுக்கு எதிரா ஓடினால், குட்டையான, செங்குத்தான அலை அடுத்தடுத்து வரும். பாயை இறக்க ஒருத்தர் முன்னால், அதாவது அணியத்துக்குப் போறார். அவர் எடையில் முன்பக்கம் தாழுது, பின்பக்கம் 2 அங்குலம் எழும்புது. அதே நேரம் ஒரு அலை கடந்துபோய் பின்பக்கத்துக் கீழே தண்ணீர் 7 அங்குலம் இறங்குது. மொத்தம் 9.

15 அங்குல மோட்டாரில் தகடு இப்போ தண்ணீருக்கு மேல 8 அங்குலம். புரொப்பெல்லர் ஏறக்குறைய முழுசா காற்றில் சுத்துது. 20-ல் தகடு 3 அங்குலம் மேல. புரொப்பெல்லரின் மேல் பாதி வெளியே வந்து காற்றை உறிஞ்சுது. 25-ல் தகடு இன்னும் 2 அங்குலம் தண்ணீருக்குள்ள இருக்கு.

புரொப்பெல்லர் காற்றில் சுத்தினால் என்ன ஆகும்? தள்ளுவிசை போயிடும், இன்ஜின் சுமை இல்லாம அலறும். குளிர்விக்கிற தண்ணீரை உள்ளே இழுக்கிற துளையும் காலின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கு. அது வெளியே வந்தால் பம்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாம உராயும். அலைக்கு அலை இது நடந்தால் படகு முன்னால் போகாது, சுக்கானும் பிடிக்காது. பாய்மரப் படகில் மோட்டார் தேவைப்படுறதே கரை பக்கத்தில், காற்று கைவிட்ட நேரத்தில், இல்ல சரக்குக் கப்பல் வர்ற வாய்க்காலைக் கடக்கும்போதுதான். அந்த நேரத்துக்குன்னு வாங்கின பொருள் அந்த நேரத்தில்தான் வேலை செய்ய மாட்டேங்குது.

சர்வர் பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான கதை. சராசரி லேட்டன்சி அருமையா இருக்கும். பி99-ஐப் பார்த்தால்தான் கஸ்டமர் ஏன் திட்டுறார் என்று புரியும். துறையில் அளக்கிறது சராசரி. அலையில் பின்பக்கம் தூக்குறதுதான் பி99. ஷாஃப்ட் நீளத்தை அதுக்குத்தான் தேர்ந்தெடுக்கணும்.

"அப்போ இருக்கிறதிலேயே நீளமானதை வாங்கிட்டா போச்சு"

தம்பியும் இதைத்தான் கேட்டார். அப்படியும் இல்லை. நீளத்துக்கும் விலை உண்டு.

ஒண்ணு, பாய் விரிச்சு ஓடும்போது மோட்டார் தண்ணீரை விட்டு வெளியே இருக்கணும். பிராக்கெட்டை மேலே தூக்கி, மோட்டாரையும் சாய்ச்ச பிறகு கால் நுனி தண்ணீரில் உரசினால் வேகம் குறையும், உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். ரெண்டு, கால் நீளமானால் நெம்புகோலும் நீளம். அதே தள்ளுவிசை பிராக்கெட்டையும் பின்பலகையையும் கூடுதலா முறுக்கும். இருபது வருஷப் பழைய பிராக்கெட் லேசான டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்காகச் செஞ்சதா இருக்கலாம். இன்னைக்கு வர்ற ஃபோர்-ஸ்ட்ரோக் அதே குதிரைத்திறனுக்கு எடை கூட. ஸ்பிரிங் அதைத் தூக்காது. மூணு, சுக்கான். திருப்பும்போது புரொப்பெல்லர் அதில் இடிக்கக் கூடாது. நாலு, சேறு. விரிகுடாவின் தென்பகுதி ஆழமே இல்லாத சேற்றுத் திட்டு. ஓதம் இறங்கினால் நீளக் கால் முதலில் தரை தட்டும்.

சிலர் குட்டை மோட்டாரை வாங்கிட்டு பிராக்கெட்டை இன்னும் கீழே இறக்கி மாட்டிடலாம் என்பாங்க. தகடு தண்ணீருக்குள் போயிடும், சரி. மோட்டாரின் தலையும் சேர்ந்து கீழே வருதே? பின்னாலிருந்து வர்ற அலை அதை முழுக்காட்டும். நீளக் காலின் நிஜமான பயன் இதுதான்: தலையை உயரத்தில் வச்சுக்கிட்டு காலை ஆழத்தில் வைக்கலாம்.

தப்பா வாங்கிட்டால் மாத்துறதும் லேசு இல்லை. டிரைவ் ஷாஃப்ட், தண்ணீர்க் குழாய், கியர் கம்பி எல்லாத்தையும் நீட்டணும். சில மாடலுக்கு நீட்டிப்புப் பாகங்கள் கிடைக்கும், சிலதுக்கு அதுவும் கிடையாது. குதிரைத்திறன் ஒண்ணு குறைஞ்சால் மெதுவாப் போவீங்க, அவ்வளவுதான். கால் அஞ்சு அங்குலம் குறைஞ்சால் சில நேரம் போகவே மாட்டீங்க.

நம்ம கரையில் இதே கேள்வி

இப்போ ஊருக்குப் போவோம். மேலே சொன்ன எல்லாமே பின்பலகை உள்ள படகுக்கு. கட்டுமரத்துக்குப் பின்பலகையே கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் கட்டின மிதவை அது. உள்ளே தண்ணீர் வரும், போகும். அதில் மோட்டார் வைக்கணும் என்றால் மோட்டாருக்கு முன்னாடி பிராக்கெட்டைத்தான் யோசிக்கணும். அதோடு சோழமண்டலக் கரையில் பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. அலை உடைகிற இடத்தைக் கடந்து மணலில் ஏத்தணும். விஸ்கான்சின் ஏரிக்குச் செஞ்ச காலை அப்படியே வச்சுக்கிட்டு மணலில் ஏத்தினால் புரொப்பெல்லர் போச்சு.

1979-ல் மெட்ராஸைத் தலைமையிடமாக வச்சு, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அவங்க எடுத்துக்கிட்ட வேலைகளில் ஒண்ணு கடற்கரையில் ஏத்தி இறக்கக்கூடிய படகு. அதற்காக உருவானது 'பாப் டிரைவ்'. டீசல் இன்ஜின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் மூணும் ஒரே தொகுதி. அந்தத் தொகுதி முழுசும் ஒரு அச்சில் சாயும். ஆழத்தில் இறக்கி ஓட்டலாம், அலை உடைகிற இடத்திலும் மணலிலும் தூக்கிடலாம். நம்ம பாய்மரப் படகு பிராக்கெட் செய்யுற வேலையை இது இன்ஜினோடு சேர்த்தே செய்யுது.

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பிளைவுட் படகு கட்டுற வேலையில் இருந்த பொறியாளர் பியர் ஜிலே, அந்த அனுபவத்தை 1985-ல் புத்தகமா எழுதினார். பேர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. தலைப்பே போதும். சின்னப் படகு, சின்ன இன்ஜின், சின்ன ஊர் என்பதால் பிரச்சனை சின்னது இல்லை.

இன்னைக்கு நாகப்பட்டினம், கடலூர் பக்கம் போனால் ஃபைபர் படகுகளில் நீள வால் இன்ஜின்களைப் பார்க்கலாம். இன்ஜின் படகின் மேல ஒரு தாங்கியில் சுழலும். அதிலிருந்து நீளமான ஷாஃப்ட் சாய்வா பின்னால் தண்ணீருக்குள் போகும். கைப்பிடியை அமுக்கினால் புரொப்பெல்லர் மேலே வரும், விட்டால் ஆழத்துக்குப் போகும். ஆழம் குறைவா, வலை குறுக்கே கிடக்கா, அலை தூக்குதா, ஓட்டுறவர் கையாலேயே அந்த நொடியில் சரி பண்ணிக்கிறார். எங்க தம்பி கேட்டலாகில் தேடின பதில், அங்கே ஒருத்தரோட மணிக்கட்டில் இருக்கு. பிக்சட் கான்ஃபிகரேஷன் வேண்டாம், ரன்டைமில் பார்த்துக்கலாம் என்று முடிவு பண்ணின டிசைன்.

இலங்கையின் வடக்கில் கதை வேற. அங்கே 17, 18 அடி ஃபைபர் படகு, பின்பலகையில் அவுட்போர்டு. இன்ஜின் மண்ணெண்ணெயில் ஓடும். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. காற்றில் சுத்துற புரொப்பெல்லரும் எரிபொருளைக் குடிக்கும். லீட்டர் 340 ரூபாய் என்றால், சில அங்குல வித்தியாசம் அன்றைய வருமானத்தில் தெரியும்.

இது நமக்கு எதுக்கு?

நம்மில் பலர் படகு வாங்கப் போறதில்லை. ஆனா ஊருக்குப் பணம் அனுப்புற சங்கங்களில் இருக்கோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் பூராவிலிருந்தும் படகும் இன்ஜினும் நன்கொடையாப் போச்சு. கட்டுமரம் வச்சிருந்த பல குடும்பங்களுக்கு ஃபைபர் படகு கிடைச்சது. பல வீட்டுக்கு அது நிஜமாவே உதவி. அதே நேரம் கொடுத்த படகுகளில் பல கடலுக்கு லாயக்கில்லை, தரம் போதாது என்று உணவு வேளாண்மை அமைப்பே எச்சரிக்க வேண்டி வந்தது. கொடுத்தவங்க கெட்டவங்க இல்லை. எத்தனை படகு, எத்தனை குதிரை என்று எண்ணினாங்க. அறிக்கையில் போட அந்த எண்தான் வசதி. கரை எப்படி, அலை எங்கே உடையுது, இன்ஜினை யார் தூக்குவாங்க என்கிறதுக்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு நூறு டேப்லெட் அனுப்புறோம் என்று ஒரு சங்கம் சொல்லும்போதும் எனக்கு இந்த ஷாஃப்ட் நீளம்தான் ஞாபகம் வருது. நூறு என்கிறது குதிரைத்திறன். மின்சாரம் எப்போ போகும், சார்ஜ் எங்கே போடுவாங்க, உடைஞ்சால் யார் சரி பண்ணுவாங்க என்கிறது பிராக்கெட். திருவனந்தபுரத்தில் இருக்கிற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ், படகு கட்டித் தர்றதோடு நிறுத்தலை, அவுட்போர்டு மோட்டார்களைப் பழுதுபார்க்கிற பட்டறைகளையும் நடத்துது. பொருளைக் கொடுக்கிறதோடு அது மாட்டுற இடத்தையும் கவனிச்சால் இப்படித்தான் இருக்கும்.

வாங்கப் போறவங்களுக்கு

1. படகு தண்ணீரில் இருக்கும்போது அளங்க, டிரெய்லரில் வச்சு இல்லை. எப்பவும் இருக்கிற ஆள், எரிபொருள், பேட்டரி எல்லாம் ஏத்திட்டு, மோட்டார் எடைக்குப் பதிலா ஒரு எடையைப் பின்னால் வச்சுக்குங்க.

2. பிராக்கெட்டை முழுசா இறக்கி, கவ்வி உட்கார்ற விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளங்க.

3. ஒருத்தரை அணியத்தில் நிக்கச் சொல்லிட்டு மறுபடி அளங்க. அந்த எண்தான் உங்க தொடக்கம். நீங்க போற தண்ணீரின் அலையை அதோடு கூட்டுங்க.

4. பிராக்கெட்டை மேலே தூக்கி, மோட்டார் சாய்ஞ்ச நிலையில் கால் நுனி எங்கே வரும் என்று மாடலின் வரைபடத்தில் பாருங்க.

5. பிராக்கெட்டில் எழுதியிருக்கிற எடை, குதிரைத்திறன் வரம்பைப் படிங்க. பின்பலகை மரம் ஊறிப்போயிருக்கா என்று தட்டிப் பாருங்க.

6. இதெல்லாம் முடிஞ்ச பிறகு நாலு குதிரையா ஆறு குதிரையா என்று சண்டை போடலாம்.

வேகப் படகுக்குப் பின்னால் தள்ளின பிராக்கெட் என்றால், பிராக்கெட் செஞ்சவங்க எந்த ஷாஃப்டுக்காகச் செஞ்சாங்க என்று முதலில் கேளுங்க. படகின் பழைய கேட்டலாகில் இருக்கிற பின்பலகை உயரத்தை வச்சு ஆர்டர் பண்ணாதீங்க.

எங்க தம்பி டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தார். 25 அங்குலக் கால், ஆறு குதிரை, புது பிராக்கெட் என்று முடிவாச்சு. பிராக்கெட்டுக்குச் செலவு பண்ண வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கலை. பட்ஜெட்டில் அந்த வரியே இல்லை.

உங்க வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ ஊரில் கடலுக்குப் போனவங்க இருந்தால், இன்ஜினை எப்படி மாட்டினாங்க, அலையில் எப்படித் தூக்கினாங்க என்று கேட்டு, இந்த மடலுக்குப் பதிலா எழுதி அனுப்புங்க. வாய்ஸ் நோட்டா இருந்தாலும் சரி. வர்றதை வச்சு ஒரு எபிசோடு பண்ணலாம் என்று இருக்கோம்.